லண்டன்–பிரைட்டன் சைக்கிள் பயணம்: 54 மைலும் மழையும் எதிர்காற்றும் என்றால் எப்படித் தாக்குப்பிடிப்பது?

கேள்வி: ஜூன் மாத லண்டன்–பிரைட்டன் நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நாள் முழுக்க மழை, தென்மேற்குக் காற்று, 12 டிகிரி என்கிறது முன்னறிவிப்பு. வாரக் கடைசிகளில் 30, 40 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம். முடிக்க முடியுமா? என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்:

முடிக்கலாம். 40 கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய கால்களுக்கு 87 கிலோமீட்டர் எட்டாத தூரமில்லை. இது பந்தயமும் இல்லை. பகல் முழுவதும் கையில் இருக்கிறது. மழை நாளில் இந்தப் பாதையில் ஆட்களைப் பாதியில் இறக்கிவிடுவது பெரும்பாலும் குளிர்தான். அந்தக் குளிரும் முதலில் கைகளைத்தான் பிடிக்கும். விரல் விறைத்துவிட்டால் பிரேக்கை அளவோடு பிடிக்க வராது, கியர் மாறாது, தின்பண்ட உறையைப் பிரிக்க முடியாது, பஞ்சரான டியூப்பை மாற்ற முடியாது, ஜாக்கெட் ஜிப்பைக்கூட ஏற்ற முடியாது. அதன் பிறகு சின்னச் சிக்கல் ஒவ்வொன்றும் பெரிய சிக்கலாகிவிடும். ஆகவே அன்றைய திட்டம் முழுவதையும் கைகளைக் காப்பாற்றும் திட்டமாகவே போடுங்கள்.

கையைக் காப்பது என்றால் கிளவுஸ் வாங்குவது மட்டுமில்லை. உடலின் நடுப்பகுதி குளிர ஆரம்பித்தால், நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருக்கும் சூட்டைக் காப்பதற்காக உடல் கை கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். மார்பு நனைந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு விலையுள்ள கிளவுஸும் பலிக்காது. வயிறு காலியாக இருந்தாலும் அப்படித்தான். எரிக்க ஒன்றுமில்லாத உடல் சூட்டை உண்டாக்காது.

முதலில் பாதையையும் காற்றையும் புரிந்துகொள்ளுங்கள். கிளாப்பம் காமனில் தொடங்கி மிச்சம், கார்ஷல்டன் வழியாக லண்டனை விட்டு வெளியேறி, நார்த் டவுன்ஸ் குன்றுகளைத் தாண்டி, டர்னர்ஸ் ஹில், ஆர்டிங்லி, ஹேவர்ட்ஸ் ஹீத், டிச்லிங் என்று தெற்கே இறங்கும் பாதை அது. கடைசி ஏழெட்டு மைலுக்கு முன்னால் டிச்லிங் பீக்கன் ஏற்றம். அதைத் தாண்டினால் பிரைட்டன் கடற்கரையில் மடெய்ரா டிரைவ். போகும் திசை முழுக்கத் தெற்கு. இங்கிலாந்தின் தென்பகுதிக்கு மழையைக் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வுகள் பெரும்பாலும் தெற்கு, தென்மேற்குக் காற்றோடுதான் வரும். மழை நாள் என்றாலே இந்தப் பாதையில் முகத்துக்கு நேரே காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை விலகும்போது காற்று மேற்குக்கும் வடமேற்குக்கும் திரும்பும். முன்னறிவிப்பைப் பார்க்கும்போது மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, காற்று எந்த மணியில் திரும்புகிறது என்பதைப் பாருங்கள். பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பும் என்றால் காலையில் அவசரப்பட்டு எதிர்காற்றோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

எதிர்காற்றின் விலை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உங்கள் நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 45. காற்றின் தடை அந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 45-ஐ 25-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3.24. பழைய 25-ஐயே விடாமல் பிடிக்க வேண்டுமென்றால், காற்றைப் பிளக்க மட்டும் மூன்று மடங்குக்கு மேல் சக்தி தேவை. அதனால் அன்றைக்கு வேகமானியைப் பார்க்காதீர்கள். மூச்சைக் கவனியுங்கள்: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற உழைப்பில் இருங்கள், வேகம் 14-க்கு விழுந்தாலும் பரவாயில்லை. சராசரி 15 கிலோமீட்டர் என்றால் சக்கரம் உருளும் நேரம் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நிறுத்தங்களையும் சேர்த்து ஏழரை, எட்டு மணி நேரம் என்று வீட்டிலும், பிரைட்டனில் காத்திருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "நேரமாகிவிட்டதே" என்ற பதற்றத்தில்தான் பலர் ஹேவர்ட்ஸ் ஹீத்துக்கு முன்பே கால்களைத் தீர்த்துவிடுகிறார்கள்.

உடை விஷயத்தில் ஒரு தவறான எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள். ஆறு மணி நேர மழையில் நனையாமல் யாரும் போய்ச் சேர்வதில்லை. மழை உள்ளே வராத ஜாக்கெட்டுக்குள் ஏற்றங்களில் உங்கள் வியர்வையே உங்களை நனைத்துவிடும். நனைந்த பிறகும் சூடு தங்குவதுதான் நமக்கு வேண்டியது. அதற்கு உடம்பை ஒட்டி ஒரு மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை. பருத்தி வேண்டவே வேண்டாம். தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் கிடக்கும். நிதி திரட்டும் அமைப்பு கொடுக்கும் டி-ஷர்ட்டை அணிய ஆசை இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, வெளியே அணியுங்கள். உள்ளாடைக்கு மேல் சைக்கிள் ஜெர்சி, மணிக்கட்டிலிருந்து தோள்வரை மூடும், கழற்றக்கூடிய கை உறைகள், அதற்கு மேல் தையல்களில் டேப் ஒட்டிய, பின்பக்கம் நீளமான மழை ஜாக்கெட். ஜாக்கெட் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். தொளதொளவென்ற ரெயின்கோட் எதிர்காற்றில் பாய்போல உப்பி உங்களைப் பின்னால் இழுக்கும். ஏற்றம் தொடங்குமுன் ஜிப்பைப் பாதி இறக்குங்கள். உச்சிக்கு வந்ததும், இறங்கத் தொடங்குமுன், கழுத்துவரை ஏற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் நூறு பவுண்டு ஜாக்கெட்டுக்குச் சமம்.

முழங்கால்களை மூடுங்கள். 15 டிகிரிக்குக் கீழே, மழையில், திறந்த முழங்கால் விறைத்து வலிக்கும். முழங்கால் உறை போதும். முழுக்கால் தடித்த டைட்ஸ் தண்ணீரில் ஊறிக் கனமாகும். பேட் வைத்த சைக்கிள் டவுசருக்குள் ஜட்டி அணிய வேண்டாம். நனைந்த தையல் தொடையிடுக்கை அறுத்துவிடும். உராய்வைத் தடுக்கும் சாமாய் கிரீமைத் தாராளமாகத் தடவுங்கள். ஹெல்மெட்டுக்குள் முன்விளிம்புள்ள மெல்லிய சைக்கிள் தொப்பி ஒன்று போட்டால் மழைத்துளி கண்ணில் அடிக்காது. கண்ணாடி போடுபவர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

இனி கைகள். நீர்மூழ்குபவர்கள் அணியும் நியோப்ரீன் துணியில் சைக்கிள் கிளவுஸ் கிடைக்கிறது. நனைந்த பிறகும் சூடு தருவது அதுதான். அது இல்லையென்றால், மருத்துவமனையில் போடும் நைட்ரைல் கையுறையை உள்ளே போட்டு, மேலே சாதாரண முழுவிரல் கிளவுஸ் அணியுங்கள். விலை சில பென்ஸ்தான், பலன் பெரிது. இன்னொரு உலர்ந்த ஜோடி கிளவுஸை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு முதுகுப் பாக்கெட்டில் வைத்திருங்கள். அதை முதல் நிறுத்தத்திலேயே எடுத்துப் போட்டுத் தீர்த்துவிடாதீர்கள். அது பீக்கன் உச்சிக்கு உரியது. கால்களுக்கு ஷூ உறை. இல்லாவிட்டால் சாக்ஸுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் ஷூ.

தொடக்க இடத்தில் வரிசையில் நிற்கும் நேரத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. விடிகாலையில் மழையில் அசையாமல் அரைமணி நின்றால், மிதிக்கத் தொடங்கும் முன்பே குளிர் உள்ளே போய்விடும். பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றில் தலைக்கும் கைகளுக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது கழற்றி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், எறிய வேண்டாம். வழியில் பஞ்சர் பார்க்க நிற்கும்போது அது மறுபடியும் உதவும்.

சைக்கிளில் முதலில் டயர். நார்த் டவுன்ஸும் சவுத் டவுன்ஸும் சுண்ணாம்புக் குன்றுகள்; அவற்றுக்குள் சக்கிமுக்கிக் கல் பொதிந்திருக்கிறது. கனமழை பெய்தால் அந்தக் கற்சில்லுகள் ஓரங்களிலிருந்து அடித்துவரப்பட்டு சாலைக்கு வரும். உடைந்த சக்கிமுக்கி கண்ணாடிபோல வெட்டும், ஈரமான ரப்பரில் இன்னும் எளிதாக இறங்கும். அதனால்தான் உலர்ந்த நாளில் பஞ்சரே ஆகாத டயர் மழையில் இரண்டு முறை போகிறது. தேய்ந்த டயரை இரண்டு வாரம் முன்பே மாற்றுங்கள், உங்கள் பிரேம் இடம் கொடுத்தால் 28 மில்லிமீட்டர் அகலத்துக்கு. காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட 5 முதல் 10 பிஎஸ்ஐ குறையுங்கள். டயர் சாலையைப் பரவிப் பிடிக்கும். அதற்குக் கீழே போனால் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும்.

டியூப் இரண்டு கொண்டுபோங்கள். ஒட்டும் பேட்ச் ஈர டியூப்பில் ஒட்டாது, அதை நம்பி இறங்க வேண்டாம். பஞ்சர் ஆனால் புது டியூப்பைத் திணிக்குமுன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி, குத்தியிருக்கும் சில்லைக் கண்டுபிடித்து எடுங்கள். இதைச் செய்யாததால்தான் ஐந்து நிமிடத்தில் இரண்டாவது டியூப்பும் போகிறது. விறைத்த விரலுக்கு உணர்வு இருக்காது, அப்போது கண்ணால் தேடுங்கள். டயர் லீவர் மூன்று, பம்ப் ஒன்று. இதையெல்லாம் கிளவுஸ் போட்ட கையோடு வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பழகுங்கள்.

சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் மழையில் பிடித்ததும் நிற்காது. ரிம்மில் படிந்த தண்ணீரை பிரேக் கட்டை வழித்து எடுக்கச் சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்ற வேண்டும், பிறகுதான் பிடிக்கும். எனவே இறக்கத்துக்கு முன்பே லேசாகத் தொட்டு உலர்த்திக்கொள்ளுங்கள். மண் கலந்த தண்ணீர் உப்புத்தாள் போலக் கட்டையைத் தேய்க்கும். தேய்மானக் கோட்டை நெருங்கிய கட்டைகளை முன்னாலேயே மாற்றுங்கள், அதில் ஒட்டியிருக்கும் கற்துகளை ஊசியால் நெம்பி எடுங்கள். டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ரெசின் பேட்கள் சேற்று மழையில் வேகமாகத் தீரும். உலோகக் கலவை பேட்கள் சத்தம் போட்டாலும் அதிக நாள் தாங்கும். பேட் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்திருந்தால் அதோடு கிளம்பாதீர்கள்.

செயினுக்கு ஈரக் காலத்துக்கான எண்ணெய். மெழுகு வகை எண்ணெய் இந்த மழையில் சீக்கிரம் கழுவிப் போய்விடும். முந்தின இரவே ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துளி விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே தெரியும் எண்ணெயைத் துணியால் துடைத்தெடுங்கள். மட்கார்டு கட்டாயம், கழற்றி மாட்டும் வகையாவது. அது உங்களுக்காக மட்டுமல்ல. ஆயிரக்கணக்கானோர் போகும் பாதையில் உங்கள் பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு பின்னால் வருபவரின் முகத்தில்தான் விழும். பின்விளக்கைப் பகலிலேயே எரியவிடுங்கள்.

சாலையில் வழுக்குபவை: வெள்ளைக் கோடுகள், இரும்பு மேன்ஹோல் மூடிகள், ஈர இலை. லண்டனுக்குள் இவை அதிகம். திருப்பத்துக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்து நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, திருப்பத்துக்குள் பிரேக்கைத் தொடாமல் போங்கள். தண்ணீர் தேங்கிய குட்டையின் அடியில் என்ன பள்ளம் என்று தெரியாது, சுற்றிப் போங்கள். ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் காற்றுத் தடை கணிசமாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தெரியாதவர்களின் பின்சக்கரத்தை ஈரச் சாலையில் ஒட்டிப் போக வேண்டாம். இரண்டு சைக்கிள் நீளம் விடுங்கள். அப்போதும் ஓரளவு மறைப்பு கிடைக்கும். கையசைத்துச் சைகை காட்டுவதைவிட வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள், இரண்டு கையும் பிரேக்கில் இருக்கட்டும். கிராமப் பகுதியில் வேலி மறைப்பு முடிந்து வயல்வாசல் திறக்கும் இடங்களில் பக்கக் காற்று திடீரென்று தள்ளும்.

சாப்பாடு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம், பெரிய மெஜூல் பேரீச்சையில் 17, 18 கிராம். கொட்டையை எடுத்துவிட்ட பேரீச்சை மழைக்கு மிகப் பொருத்தம்: உறை பிரிக்க வேண்டாம், நனைந்தாலும் கெடாது. பார், ஜெல் எதுவானாலும் உறையின் ஓரத்தை வீட்டிலேயே பாதி வெட்டி வையுங்கள். பசிக்கக் காத்திராமல் அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் மணிக்கு அரை லிட்டர் உள்ளே போக வேண்டும். இரண்டு பாட்டில் தாங்கி இருந்தால் ஒன்றில் சின்ன பிளாஸ்க் வைத்து, சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீர் கொண்டுபோவது நல்ல யோசனை.

நிறுத்தம் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள். நின்றதும் உடல் சூடு உண்டாக்குவது குறைந்துவிடும், நனைந்த துணி அந்தச் சூட்டை உறிஞ்சுவது குறையாது. நிற்கப் போகும்போதே கூடுதல் உடுப்பைப் போடுங்கள், நடுங்கிய பிறகு அல்ல. காற்றுக்கு மறைவாக நில்லுங்கள். ஒருவர் தேநீர் வரிசையில் நிற்க மற்றவர் கழிப்பறை போய்வருவது என்று இருவராகச் சேர்ந்து பிரித்துக்கொண்டால் நேரம் பாதியாகும்.

டிச்லிங் பீக்கனைப் பற்றிப் பயமுறுத்தல்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். சிகரம் 248 மீட்டர். சாலை ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் சுமார் 140 மீட்டர் ஏறுகிறது. 1994-இல் டூர் டி பிரான்ஸ் இங்கிலாந்துக்கு வந்தபோது இந்தக் குன்றின் மேல்தான் போனது. கியர் இருந்தால் இது மூச்சுக்கான வேலை, இல்லாவிட்டால் முட்டிக்கான தண்டனை. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல் இருந்து பெடலை நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால் அதற்கு 200 வாட்டுக்கு மேல் வேண்டும். எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய கால்களில் அது பலருக்கு இருக்காது. பின்னால் 34 பல் இருந்தால் அதே சுற்றுக்கு வேகம் ஏழரை, தேவை 175 வாட் அளவுக்கு இறங்கும். பல்சக்கரத்தை மாற்றுவது ஒரு கடை வேலைதான், உங்கள் பின்கியர் அந்த அளவுப் பல்லை ஏற்குமா என்று கேட்டுச் செய்யுங்கள்.

ஏற்றத்தின் பெரும்பகுதி மரங்களுக்கு நடுவே இருப்பதால் சாலை பாசியும் இலையுமாக ஈரமாக இருக்கும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும்; சீட்டின் முன்பகுதிக்கு நகர்ந்து, உட்கார்ந்தபடியே மிதியுங்கள். முன்னால் இருப்பவர் சட்டென்று இறங்கி நின்றுவிடுவார், அதற்கு இடம் விட்டு ஏறுங்கள். நடந்து ஏறுவதில் ஒரு குறையும் இல்லை. நிறையப் பேர் நடப்பார்கள், நடப்பவருக்கும் மெதுவாக மிதிப்பவருக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆனால் அடியில் பெடலோடு மாட்டும் பிளாஸ்டிக் கிளீட் உள்ள ரோடு ஷூவோடு ஈரச் சரிவில் நடப்பது ஆபத்து. மலைச் சைக்கிள் வகை ஷூவைத் தேர்ந்தெடுங்கள்.

அன்றைய நாளின் மிக ஆபத்தான சில நிமிடங்கள் உச்சியில்தான். ஏறும்போது உள்ளே வியர்த்துக் கொட்டியிருக்கும். மேலே மரமறைப்பு முடிந்து கடற்காற்று நேராக அடிக்கும், கீழைவிடச் சுமார் ஒரு டிகிரி குறைவாகவும் இருக்கும். அங்கே நின்று படம் எடுத்துக் கொண்டாடுபவர்கள்தான் அடுத்த இறக்கத்தில் பிரேக் பிடிக்க முடியாமல் தவிக்கிறார்கள். நின்றதும் ஜிப்பை ஏற்றி, நனைந்த கிளவுஸைக் கழற்றி, உலர்ந்த ஜோடியைப் போட்டு, ஒரு பேரீச்சையை வாயில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். இடி கேட்டால் மட்டும் அந்தத் திறந்த மேட்டுக்கு ஏறாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குள் என்றால் கீழேயே கட்டடம் ஒன்றில் ஒதுங்கி, கடைசி இடிக்குப் பிறகு அரைமணி பொறுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது மூளையும் மந்தமாகும், சரியாக முடிவெடுக்காது. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை, பேச்சு குழறுகிறது, இறங்கி நின்றால் தள்ளாடுகிறது, நிறுத்தத்தில் உள்ள கூடாரத்துக்குள் கால்மணி இருந்தும் நடுக்கம் நிற்கவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலுதவியாளரிடம் போங்கள். சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் அது தேறியதற்கு அடையாளமில்லை, உடனே 999-ஐ அழைக்க வேண்டிய நிலை. நனைந்த உடையை நீக்கி, உலர்ந்த துணியும் அதற்கு மேல் வெள்ளிக் காகிதப் போர்வையும் சுற்றி, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம், மது வேண்டவே வேண்டாம். இது பிரிட்டிஷ் இதய அறக்கட்டளைக்காக ஓட்டும் பயணம் என்பதால் இதயச் சிகிச்சை பெற்றவர்கள் பலர் கலந்துகொள்வார்கள். குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். அவர்கள் வானிலையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரட்டும். யாருக்கானாலும் நெஞ்சில் இறுக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தம்.

நன்கொடை தந்தவர்களை நினைத்துத் தன்னை வருத்திக்கொண்டு ஓட்டுபவர்களும் உண்டு. அவர்கள் கொடுத்த பணம் இதய ஆராய்ச்சிக்குப் போகிறது, நீங்கள் ஆர்டிங்லியில் நிறுத்தினாலும் போகிறது. இதைப் பணம் கேட்கும்போதே அவர்களிடம் சொல்லிவிட்டால் மனம் லேசாக இருக்கும்.

பிரைட்டனில் முடியும் இடம் கடற்கரை. காற்றுக்கு மறைப்பே கிடையாது. உலர்ந்த உடை முழு செட், துண்டு, கம்பளித் தொப்பி ஆகியவற்றை அங்கே வரும் குடும்பத்தாரிடமோ பை கொண்டுசெல்லும் சேவை இருந்தால் அதனிடமோ ஒப்படையுங்கள். மேலுடம்பை முதலில் மாற்றுங்கள், கால் பிறகு. நிகழ்வு நாளில் பிரைட்டனிலிருந்து லண்டன் போகும் ரயில்களில் வழக்கமாகச் சைக்கிளை ஏற்றவிடுவதில்லை. திரும்பும் பஸ்ஸையும் சைக்கிள் ஏற்றும் லாரியையும் முன்பே பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் நனைந்த உடம்போடு நிலையத்தில் நிற்க நேரும். போனும் வங்கி அட்டையும் ஜிப் பையில் இருக்கட்டும். நனைந்த திரை தொடுதலை ஏற்காது, எனவே அவசரத் தொடர்பு எண்ணைப் பங்கேற்பு எண் அட்டையின் பின்னால் அழியாத மையில் எழுதுங்கள்.

வீடு வந்ததும் அன்றிரவே சைக்கிளைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். சீட் கம்பியை உருவி, சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்து பிரேமுக்குள் புகுந்த தண்ணீரை வடித்துவிடுங்கள். கம்பியின் உயரத்தை டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு உருவுங்கள்.